வாசலில் பின்னிய சால்வை

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தபோது தோட்டத்தில் மல்லிகை நன்றாகப் பூத்திருந்தது. கீரமங்கலத்தை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நான் பறிப்பேன், அவள் கட்டுவாள். கால் வீங்கியதை, உட்கார்ந்தே வேலை செய்வதால் வந்த வீக்கம் என்று நாங்களே சொல்லிக்கொண்டு பல மாதங்களை ஓட்டிவிட்டோம். அதன்பிறகு எங்கள் வாரத்தில் பாதி புதுக்கோட்டைக்குப் போனது. காலையில் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போவோம். அவளை டயாலிசிஸ் பிரிவுக்குள் அனுப்பிவிட்டு, வாசலில் போட்டிருக்கும் இரும்பு நாற்காலியில் மதியம் தாண்டும்வரை உட்கார்ந்திருப்பேன்.

மெஷினில் ரத்தம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குளிரெடுக்கும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும், உள்ளே அவள் பற்கள் அடித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து போர்வை எடுத்துப் போனேன். நர்ஸ் அதை விலக்கிவிட்டார்.

"கைய மூடாதீங்கய்யா. ஊசி குத்துன எடம் எப்பவும் எங்க கண்ணுல படணும். போர்வைக்குள்ள ரத்தம் கசிஞ்சா யாருக்கும் தெரியாது."

கையை விட்டுவிட்டு நெஞ்சுவரை போர்த்தினால், கனமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று அவளே தள்ளிவிட்டாள். துண்டைப் போட்டால் குளிருக்குப் போதவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக அவள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்காருவேன். செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய வேதனையாக இருந்தது.

எங்கள் முறை வரும் நாட்களிலேயே ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு பெண்ணும் தன் கணவரைக் கூட்டி வருவாள். அவர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். என் மனைவிக்கு அடுத்த கட்டில் அவருடையது. அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். ஒருநாள் அவள் மடியில் நீல நூல் உருண்டையும் இரண்டு நீள ஊசிகளும் இருந்தன. செல்போனைக் கைப்பையில் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்ப்பதும் நிறுத்துவதும் பின்னுவதுமாக இருந்தாள்.

"என்னத்தா அது?" என்று கேட்டேன்.

"சால்வைண்ணே. இவருக்கும் குளுரு தாங்க முடியல. இதுன்னா லேசா இருக்கும். ஒரு பக்கத் தோள்ல மட்டும் போட்டுட்டு, ஊசி போட்ட கைய வெளிய விட்டுறலாம்ல."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்கிட்டு? இப்பத்தான் பாத்துப் பாத்துப் பழகுறேன். மொதமொதப் பழகுறவங்களுக்குன்னே போட்டுருக்காங்க. கஷ்டம் ஒண்ணும் இல்ல. ஒரே தினுசுதான், திரும்பத் திரும்ப."

எங்கள் பக்கம் சால்வை என்றால் மேடையில் போர்த்துவது மட்டும்தான். அதைப் பின்னுவதை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அன்று மதியம் மனைவிக்குக் கட்டுப் போட்டு வெளியே வருவதற்குள் கடைவீதிக்குப் போய்விட்டேன். முதல் கடையில் தோரணம் பின்னும் கொக்கி ஊசியை எடுத்துத் தந்தார்கள். இன்னொரு ஃபேன்சி ஸ்டோரில்தான் பின்னல் ஊசி கிடைத்தது. கெட்டி உல்லன் நூல், மாம்பழ நிறத்தில். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் என்றேன்.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். இடது ஊசியில் வளையம் வளையமாக நூலை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. வலது ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, நூலைச் சுற்றி, அந்தச் சுற்றை உள்ளிருந்து வெளியே இழுத்து, பழைய கண்ணியை நழுவ விட வேண்டும். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி மறுபடியும் அதையே செய்ய வேண்டும். அவ்வளவுதான். என் விரல்களுக்கு அது பிடிபடவில்லை. நூலை இறுக்கி இறுக்கி இழுத்ததில் ஊசி உள்ளேயே நுழையவில்லை.

"நூல எதுக்குண்ணே இந்தப் புடி புடிக்கிறீங்க? ஓடியா போகப்போகுது?" என்றாள் அவள்.

கதவருகே இருந்த செக்யூரிட்டி சிரித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது ஆஸ்பத்திரிக்கு வந்தால் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிடுவேன்.

கைக்கு ஓட்டம் வந்தபிறகு வேறொரு கோளாறு. பின்னப் பின்ன அகலம் கூடிக்கொண்டே போனது. ஒரு முழம் வந்ததும் மனைவியிடம் காட்டினேன். அவள் விரித்துப் பார்த்தாள்.

"இது சால்வையா, கப்பல் பாயா?" என்று கேட்டுச் சிரித்தாள். நோய் வந்தபின் அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

கோளாறு எங்கே என்று நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து தேடினோம். வரிசையைத் தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலே ஏறிக்கொண்டால் முதல் கண்ணியே இரண்டாகத் தெரியும். இரண்டு என்று நினைத்து இரண்டையும் பின்னிவிடுவேன். வரிசைக்கு வரிசை அப்படித்தான் கூடியிருந்தது. நூலைக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் சரியாகிவிடும். எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மழைக்காலம் வந்தது. இருவர் சால்வையும் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. பின்னிக்கொண்டே பேசுவோம், பேசாமலும் இருப்போம். கணவர் கரையிலேயே இருக்கும் நிம்மதியை இந்த நோய் வந்தபிறகுதான் கண்டதாக ஒருமுறை சொன்னாள். அவர் கடலுக்குப் போன நாளிலெல்லாம், எல்லையில் நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று போனையே பார்த்துக்கொண்டு இருந்தவளாம். அதைச் சொல்லும்போதும் அவள் ஊசி நிற்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவர்கள் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை; அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸிடம் கேட்டேன். காய்ச்சல் வந்து, தஞ்சாவூருக்கு அனுப்பி, அங்கே இறந்துவிட்டார் என்றார். மனைவியிடம் பஸ்ஸில் சொன்னேன். ஆலங்குடி தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

"நாளைக்கே போய் வந்துருவோம்ங்க," என்றாள் பிறகு.

"ஒனக்கு ஒடம்புக்கு ஆகாது."

"பக்கத்துக் கட்டில்ல படுத்துக் கெடந்தவரு. போகாம இருக்க முடியாது."

மறுநாள் அறந்தாங்கி போய், பஸ் மாறி, ஜெகதாப்பட்டினம் போனோம். வந்த கூட்டம் ஓய்ந்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் மனைவியைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போடும் கை என்று நினைவு வந்ததும் அதை விட்டுவிட்டு, மறு கையைப் பிடித்தாள். இருவரும் அழுதார்கள். நான் வாசற்பக்கம் திரும்பி நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "இப்பவும் குளுரு எடுக்குதாக்கா?"

"எடுக்கத்தான் செய்யுது. பின்னி முடிச்சுட்டாரு, கடைசி வரிசைய எப்படி மூடுறதுன்னு தெரியாம வச்சிருக்காரு."

"கொண்டாந்திருக்கீங்களாண்ணே?"

துக்க வீட்டில் அதை எடுப்பதா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. பழக்கத்தில் பையில்தான் கிடந்தது. அவளே கை நீட்டினாள், கொடுத்தேன். ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்னுது முடியல. இன்னொரு சாண் இருந்துச்சு. அவர எடுத்துக் கொண்டு போறப்ப ஊசிய உருவிட்டு அப்படியே போத்திவிட்டேன். கண்ணியெல்லாம் தெறந்து கெடந்துச்சு. மூடுறதுக்கு எனக்கு நேரம் கெடைக்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். மூடுவது எப்படி என்று வீடியோவில் பார்த்து வைத்திருந்தாளாம். இரண்டு கண்ணி பின்னி, முதலில் பின்னியதை இரண்டாவதன் மேலே தூக்கிப் போட்டு, ஊசியிலிருந்து இறக்கிவிட வேண்டும். அப்புறம் இன்னொன்று பின்னி, மறுபடியும் தூக்கிப் போட வேண்டும்.

"இங்கயும் இறுக்காதீங்கண்ணே. இறுக்குனா ஓரம் சுருண்டுக்கும். அக்கா தோள்ல நிக்காது."

பாதிவரை அவள் மூடினாள், மீதியை என்னிடம் கொடுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் முடித்தேன். கடைசிக் கண்ணிக்குள் நூலை விட்டு இழுத்து, மிச்சத்தை அறுத்தேன். அவள் அதை வாங்கி, உதறி, என் மனைவியின் தோளில் தானே போட்டுவிட்டாள்.

அந்தச் சால்வையைத்தான் இப்போது என் மனைவி டயாலிசிஸுக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். நர்ஸ் ஒன்றும் சொல்வதில்லை. குளிர் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"நிக்கலைங்க. தோளுக்கு எதமா இருக்கு," என்றாள்.

அந்தப் பெண் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வேலை முடிந்ததும் அடிக்கடி என் மனைவிக்குப் போன் செய்வாள். என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் அளவாகக் குடிக்கிறீர்களா, கை எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பாள். இறந்துபோன கணவர் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. நேற்றும் பேசினார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"நல்ல நெத்திலிக் கருவாடு வந்திருக்குக்கா. ஒங்களுக்குத்தான் உப்பு ஆகாது, குடுத்துவிட வழியில்ல."

"இவருக்குக் குடுத்துவிடு. தின்னுட்டுப் போறாரு," என்றாள் என் மனைவி.