காஜாங் காட்டில் ஒரு வழிகாட்டி

மலேசியாவில் காஜாங்கைத் தாண்டி ஒரு காட்டின் வட்டப் பாதையில் நானும் என் மனைவி மேரியும் நடக்கிறோம். ஒரு மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம் என்கிறது பலகை. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. அப்போது ஒரு பழுப்பு நாய் எங்கள் முன்னால் வந்து, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடக்கிறது.

“வழி காட்டுது லா,” என்கிறாள் மேரி.

நம்பிப் பின்னால் போகிறோம். செம்பனைத் தோட்டத்து வீடு ஒன்றின் வாசலில் எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நாய் படுத்துக்கொள்கிறது. அங்கே துணி காயப்போடும் ஒரு அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார்.

“இன்னிக்கும் ஆள் கூட்டிட்டு வந்துட்டியாடா?”

எங்களுக்குத் தண்ணீர் தருகிறார்.

“கார் பார்க் எந்தப் பக்கம்க்கா?”

“நேரா பத்து நிமிஷம்தான். இருங்க, முதல்ல இவன கட்டிடுறேன். இல்லன்னா மறுபடியும் இங்கேயே கொண்டாந்து விட்டுருவான்.”