திவான் திரும்பிப் போன வீடு

அப்பா ஒரு நாள் கோட்டாற்றுச் சந்தைக்குக் கருப்புக்கட்டி வாங்கப் போனார். திரும்பி வந்தபோது தோள்துண்டுக்குள் ஒரு நாய்க்குட்டி இருந்தது. கருப்புக்கட்டி இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: அப்பா, அம்மை, நான்.

"இது என்னத்துக்கு இப்பம்? நம்ம வீட்டுல திங்க ஆள் காணாதா?" என்றாள் அம்மை.

"கெடந்துட்டுப் போட்டும். பிள்ளைக்கு ஒரு தொணை" என்றார் அப்பா.

செம்மண் நிறம், ஒரு முன்னங்காலில் மட்டும் வெள்ளை. வயிறு பெரிது, கால்கள் சிறிது. முதல் மூன்று இரவும் அது அழுத அழுகையில் அடுத்த வீட்டுக்காரர்களும் தூங்கவில்லை. அப்பா கட்டிலிலிருந்து கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு படுத்தார். அது அவர் விரலைச் சப்பிக்கொண்டே உறங்கும். விரலை எடுத்தால் விழித்துக்கொள்ளும். காலையில் அப்பா மரத்துப்போன கையை உதறிக்கொண்டு வயலுக்குப் போவார்.

சிரட்டையில் பால் வைத்தால் சிரட்டைக்குள் இறங்கி நின்று கவிழ்த்துவிடும். பிறகு தரையை நக்கும். பாவமென்று நான் அம்மைக்குத் தெரியாமல் பழஞ்சோற்றை ஊட்டினேன். அன்று முதல் நான்கு நாள் அதற்கு வயிறு நிற்கவில்லை. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சாணியும் சாம்பலும் கொண்டுவந்து மெழுகியவள் அம்மை. "சவத்துக் கூட்டம்" என்று அப்பாவையும் என்னையும் நாயையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, கைக்குழந்தைக்கு இழைப்பது போல வசம்பை இழைத்து அதன் நாக்கில் தடவினாள். வயிறு சரியானதும் மறுபடி துடைப்பத்தால் விரட்டத் தொடங்கினாள்.

அதற்குப் பெயர் வைத்தவர் அப்பா. "வேளா வேளைக்குத் திங்கணும், பகல் முழுக்க ஒறங்கணும், எடையில ஒருக்க எந்திரிச்சுக் கொரைக்கணும். இவன் திவானேதான்" என்றார். திருவிதாங்கூரில் மகாராஜாவுக்கு அடுத்தபடி திவான்தான். எங்கள் வீட்டிலோ திவானுக்கு அடுத்தபடிதான் மற்றவர்கள். அப்பாவின் செருப்பில் ஒன்றைத் தின்றது. முற்றத்தில் காயப்போட்ட நெல்லில் புரண்டு, புரண்ட இடத்திலேயே மூத்திரமும் பெய்தது. ஆடி அமாவாசையன்று காக்கைக்கு வைத்த சோற்றைக் காக்கை வருவதற்குள் தின்று தீர்த்தது. அம்மை நடுங்கிப்போனாள். அப்பா சிரித்தார்.

"விடு. நம்ம அப்பன் இந்தத் தடவ நாலு காலுல வந்திருக்காரு."

அம்மை அதற்குச் சிரிக்கவில்லை. சாயங்காலம் அடுக்களையில் தனியாக இருக்கும்போது சிரித்தாள். நான் பார்த்தேன்.

ஐப்பசி மழையோடு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் இரண்டு வேளையும் வந்தார். பிறகு ஒரு வேளை வந்தார். திவான் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். அம்மை அவனை விரட்ட மறந்துவிட்டாள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

பத்தொன்பதாம் நாள் அப்பா இறந்துபோனார். வீடு நிறைய ஆட்கள். திவான் எல்லார் காலையும் சுற்றிக்கொண்டு ஊளையிட்டான். யாரோ கம்பால் அடித்துத் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். நான் பின்னாலேயே போய், வைக்கோலில் உட்கார்ந்து, அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊளை நின்றால் அடி விழாது என்பது என் கணக்கு. அதற்குள் அப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னைத் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லையாம்.

பதினாறு கழிந்ததும் அத்தான் வந்தார். அப்பாவின் அக்காள் மகன். முப்பது வயது இருக்கும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடையே சொத்து மருமக்கள்வழி: ஒருவர் இறந்தால் நிலமும் வீடும் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்குச் சிறிதளவு கொடுத்து அனுப்புவார்கள். அதற்கு உகந்துடைமை என்று பெயர். பெயரிலாவது உகப்பு இருந்தது. சில வருடங்கள் கழித்துச் சட்டம் மாறியது. எங்களுக்கு அது மாறும்வரை பொறுத்திருக்க வழியில்லை.

அத்தானைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மை கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். அன்றும் இலை போட்டுச் சாப்பிட்டார். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு, அம்மையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல அத்தை. மாசி அறுப்புக்கு முன்ன ஒழிச்சுத் தந்தாப் போரும்."

"அதுக்கென்ன, ஒழிச்சிருலாம்" என்றாள் அம்மை. மோர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருந்தது.

தை மாதம் ஒரு காலையில் மாமா, அதாவது அம்மையின் அண்ணன், வண்டி கொண்டுவந்தார். பாத்திரங்களை ஏற்றியதும் நான் திவானைத் தூக்கிக்கொண்டேன்.

"நாய் இங்கன நிக்கட்டும். களத்துக்கு ஒரு நாய் வேணும்லா" என்றார் அத்தான்.

நான் திவானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அப்பா இறந்தபோது அப்படி அழவில்லையென்று பக்கத்தில் நின்ற ஒருத்தி சொன்னாள். அத்தானுக்குச் சங்கடமாகிவிட்டது. "கொண்டு போ மக்கா. சவம், நாய்க்குட்டிதானே" என்றார். நாங்கள் மூன்று பேரும் வண்டியில் ஏறினோம். அம்மை கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. திவான் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மாமாவின் ஊர் பழையாற்றுக்கு அந்தப் பக்கம், நடந்தால் இரண்டு மைல். தொழுவத்தை ஒட்டியிருந்த சாய்ப்பு அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மாமா பகுதிக் கச்சேரியில், அதாவது நிலவரி வாங்கும் சர்க்கார் ஆபீசில், குமாஸ்தா. நான் நாயைப் பெயர் சொல்லி அழைத்ததும் பதறிப்போனார்.

"ஏட்டி, அந்தப் பேரச் சொல்லாத. எவனாவது கேட்டுட்டு எழுதிப் போட்டாம்னா எனக்கச் சோலி போயிரும். மணின்னு கூப்பிடு."

மணி என்று கூப்பிட்டால் அவன் வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று சும்மா கிடப்பான். நான் அவன் காதருகில் குனிந்து மெதுவாகத் திவான் என்பேன். வால் ஆடும்.

மாமாவின் மனைவியை நான் அத்தை என்று அழைப்பேன். அவளுக்கு நாயைக் கண்டாலே ஆகாது. "நாயும் பேயுமா வந்து கேறியாச்சு" என்று முற்றத்தில் நின்று பொதுவாகச் சொல்வாள். பேய் யார் என்று அம்மைக்குத் தெரியும். அத்தையின் கோபம் நாயின்மேல் இல்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. மாமா கண்ணை மூடினால் அந்த வீடு சகோதரியின் பிள்ளையான எனக்குத்தான். அத்தை தன் மூன்று பிள்ளைகளோடு வண்டி ஏற வேண்டியவள். நான் அவள் முற்றத்தில் பாண்டி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என்ன தோன்றியிருக்குமோ.

மூன்றாம் நாள் காலையில் திவானைக் காணவில்லை. எங்கே போயிருப்பான் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"வா மக்கா. போய்க் கூட்டிட்டு வருவோம்" என்றாள் அம்மை.

"தாலியறுத்து மூணு மாசம் ஆகல்ல. நாயத் தேடிப் போறாளாம்" என்றாள் அத்தை. அம்மை காதில் வாங்காதவள் போல வெள்ளைச் சேலையின் தலைப்பைத் தலையோடு போட்டுக்கொண்டு இறங்கினாள். ஆற்றங்கரை வழியாக நடந்தோம். எங்கள் பழைய ஊரின் எல்லையில் ஒரு புளியமரம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் கூரையும் முற்றத்தில் பாதியும் தெரியும். அம்மை அங்கேயே நின்றுவிட்டாள்.

"நீ போய்க் கூட்டிட்டு வா. பைய வந்தாப் போரும்."

திவான் முற்றத்தில் அத்தானின் மனைவி வைத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்து விழுந்து புரண்டான். எனக்கு அதற்குமேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. தூக்கிக்கொண்டு ஓட்டமாகத் திரும்பினேன்.

வழியில் அம்மை கேட்டாள்.

"வெளக்கு எங்க வச்சிருக்கா?"

"பாக்கல்ல."

"கெழக்கு மூலையில ஒரு ஒழுக்கு உண்டே. ஓட்டை மாத்தினானா?"

"பாக்கல்ல."

"அப்பாக்க கட்டில் எங்க கெடக்கு?"

அது மட்டும் எனக்குத் தெரியும். "தொழுவுல. மேல வைக்கல் போட்டிருக்கு."

அம்மை சேலைத் தலைப்பை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். நான் திவானின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தொழுவத்துத் தூணில் கயிறு போட்டுக் கட்டினேன். நான்கு நாளில் மறுபடி போய்விட்டான். மறுபடி நடந்தோம். "கயிறு இத்துப் போச்சு" என்றாள் அம்மை. புதுக் கயிறு போட்டேன். மாமாவின் வண்டிக்காரரிடம் கேட்டு, மாட்டுக்குப் போடும் முடிச்சைக் கற்றுக்கொண்டேன். அதுவும் நிற்கவில்லை. கயிறு கடிபடவும் இல்லை, அறவும் இல்லை. தூணோடு தொங்கிக்கொண்டிருக்கும். அம்மை ஒவ்வொரு தடவையும் புளியமரத்தடியில் சற்று அதிக நேரம் நின்றாள். ஒவ்வொரு தடவையும் அதிகம் கேட்டாள். வாசலில் கோலம் போட்டிருக்கிறாளா, வாழை குலை தள்ளியதா, கிணற்று வாளி பழையதா புதியதா. நான் சலித்துக்கொண்டு பதில் சொன்னேன். சில சமயம் பார்க்காமலே பார்த்ததாகவும் சொன்னேன்.

அவிழ்த்துவிடுவது அத்தைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையும் களவுமாகப் பிடித்து மாமாவிடம் சொல்வது என்று முடிவு செய்து, ஒரு நாள் கோழி கூவும் முன்னே கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்தில் படுத்திருந்த அம்மை எழுந்தாள்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். தூணருகே குந்தியிருந்தாள். நான் முழு பலத்தோடு இறுக்கிய முடிச்சு கைக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்ததும் திவானின் கழுத்தைத் தடவிவிட்டாள்.

"போ மக்கா" என்றாள்.

என்னைத் தவிர வேறு யாரையும் அவள் மக்கா என்று அழைத்து நான் கேட்டதில்லை. திவான் அவள் கையை நக்கிவிட்டு, வேலியில் நுழைந்து ஓடினான். அவள் திரும்பி வந்து என் அருகில் படுத்துக்கொண்டாள். வெளுத்த பிறகு என் தோளைத் தொட்டு உலுக்கினாள்.

"எந்திரி மக்கா. திவான் போயிட்டான் பாத்துக்கோ."

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. முதல் நாளிலிருந்தே அவளுக்கு என் நாய் வேண்டாம். துடைப்பத்தால் விரட்டினாள், திட்டினாள். இப்போது அப்பா இல்லை, கேட்க ஆளில்லை. எப்படியாவது தொலைத்துவிடப் பார்க்கிறாள். எழுந்து முற்றத்துக்கு ஓடினேன். மாமா பல் விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மைதான் நாய அவுத்து விடுகா. தெனமும் அவதான். நான் கண்டேன்."

மாமா வாயைக் கொப்பளித்துவிட்டு அம்மையைப் பார்த்தார். அம்மை சாய்ப்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த வாசலப் போய்ப் பாத்துட்டு நிக்கதுக்கா?" என்றார் மாமா. சத்தம் போடவில்லை. "நாலுபேரு என்ன சொல்லுவான்? அண்ணன்காரன் கஞ்சி ஊத்தாம வச்சிருக்கான், அதான் அவ பழைய வாசலுக்கு ஓடுகாண்ணு சொல்ல மாட்டானா? போரும். நாய் அங்கனயே கெடக்கட்டும். நீ இனி ஆத்தங்கர தாண்டப்பிடாது."

"செரி அண்ணேன்" என்றாள் அம்மை.

அவள் வாக்கு மாறவில்லை. அதன்பின் பதினான்கு வருடம் உயிரோடு இருந்தாள். அந்த வழியாகப் போகவே இல்லை. திவான் அத்தானின் களத்தில் வளர்ந்து பெரிய நாயாகி, அறுப்புக் காலங்களில் நெற்குவியலுக்குக் காவல் கிடந்தானாம். எங்கள் மூவரில் அந்த வீட்டில் இருக்க வாய்த்தது அவனுக்கு மட்டும்தான்.

அன்று காலையில் எனக்கு அதெல்லாம் தெரியாது. நாய் இனி கிடையாது என்று மாமா சொன்னதும் நான் அத்தையின் பக்கம் திரும்பினேன். அத்தையாவது என் பக்கம் பேசுவாள், அம்மையை நன்றாக இரண்டு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு எழுந்துபோய், அதுவரை தொட்டே பார்த்திராத என் அம்மையின் கையைப் பிடித்து, "வாருங்கோ மைனி" என்று அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. முதலில் அம்மை என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால் இரண்டு பேர் குரலும் இருந்தது. திவானை விரட்டியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இப்போது திவானுக்காக அழுகிறார்கள், அழட்டும், நன்றாக அழட்டும் என்று நான் தொழுவத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.