சமையலறைக்கு வந்த ரவுட்டர்

சின்ன வயதில் எனக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் அப்பா. அது வெள்ளிக்கிழமை. குவைத்தில் அன்றைக்கு விடுமுறை. பெரியப்பா கம்பெனியிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்த பிறகு அப்பாவின் வீடியோ கால் வரும். அதற்கு முன்பே வந்துவிட்டால் யாரும் எடுக்கக் கூடாது. மூத்தவர் இல்லாமல் பேச்சைத் தொடங்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

பாகலூரில் எங்களுடையது கருங்கல்லால் கட்டிய நீளமான வீடு. முன்கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போன ரவுட்டர் இருந்தது. அந்தக் கல்சுவரைத் தாண்டி வைஃபை ஓர் அடி நகராது. ஆகவே அப்பாவும் முன்கூடத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. போனைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் என்னுடையது. தாத்தா, பெரியப்பா, பெரியம்மா என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு வருவேன். தாத்தா மாந்தோப்புக் குத்தகையைப் பற்றிப் பேசுவார். பெரியப்பா அங்கே வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓசூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். நான் பல் விழுந்த இடத்தைக் காட்டுவேன். கடைசியாக அம்மா. அதற்குள், அங்கே அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களில் யாராவது, இன்றைக்குச் சமைக்கிற முறை அவருடையது என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

அம்மா குனிந்த தலையோடு ‘சரிங்க, சரிங்க’ என்பாள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டிய கணவனிடம் வேறு என்னதான் பேசுவாள்? அவளுக்கு அப்பாவோடு தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அதற்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு அப்பாவோடு பேசவே பிடிக்காதோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தார். ஒரு நாள் அம்மா அவரிடம் சமையலறைக்கும் வைஃபை வர வழி உண்டா என்று கேட்டாள். எதற்கு என்று குறுக்கே கேட்ட பெரியம்மாவிடம், நான் தன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பாடம் பார்ப்பதற்கு என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கென்றே ஒரு ரவுட்டர் வரப்போவதாக வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

அடுத்த ஞாயிறு, நாலு கொம்பு வைத்த புது ரவுட்டரும் ஒரு சுருள் ஒயருமாக மாமா வந்தார். டிரில்லிங் மெஷின் வைத்துப் பார்த்தார். கல் அசையவில்லை, டிரில் பிட்தான் உடைந்தது. பிறகு ஒயரை விட்டத்தோரமாக இழுத்துக்கொண்டு போய், சமையலறைச் சுவரின் மேலே புகை போகிற ஓட்டை வழியாக உள்ளே இறக்கினார். மாட்டி முடித்ததும் வீடு முழுக்க நெட் போய்விட்டது. தாத்தா போனில் பார்த்துக்கொண்டிருந்த சமையல் நிகழ்ச்சி பாதியில் நிற்க, வீடு ஒரே ரகளை. இரண்டு ரவுட்டரும் தானே பெரியவன் என்று முட்டிக்கொள்கின்றன என்றார் மாமா. புதியதில் ஏதேதோ அமுக்கி மாற்றினார்.

“மொத ரவுட்டர்தான்க்கா பெருசு. இது அது சொல்றதக் கேட்டுக்கினு, குடுக்கறத வாங்கி இங்க தரணும். அவ்ளோதான்.”

“அப்ப இந்த வூட்டுக்கு ஏத்ததுதான்” என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமாவும் வந்திருந்தார். முன்கூடத்தில் எல்லோரும் பேசி முடித்ததும் பாடம் பார்க்கிற சாக்கில் போனை உள்ளே கொண்டுவருமாறு அம்மா முன்பே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். கொண்டுபோனேன். சமையலறை வாசலைத் தாண்டியதும் அப்பா பளிச்சென்று தெரிந்தார். முன்கூடத்துப் பழைய ரவுட்டரில் கட்டம் கட்டமாக உடைந்து நின்ற முகம், இங்கே புதியதில் மீசையில் நரைத்த முடி வரைக்கும் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அப்பா நன்றாகத் தெரிகிறார் என்று கத்தினேன். அவ்வளவுதான். பெரியப்பா வந்தார். பெரியம்மா வந்தாள். நாற்காலியோடு தாத்தா வந்தார். அப்பாவின் முகம் இவ்வளவு நன்றாகத் தெரிகிற இடத்தை விட்டுவிட்டு இனி யார் முன்கூடத்தில் உட்காருவார்கள்? குத்தகைப் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி எல்லோருக்கும் டீ போட்டாள். மாமா டீயை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மாமா ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மச்சானுக்கு ஓவர்டைம், இந்த வாரம் போன் வராது என்று தன்னிடம் சொல்லிவிட்டதாகவும், எல்லோரும் கிளம்பினால் ஓசூர் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு பிரியாணி சாப்பிட்டு வரலாம் என்றும் சொன்னார். கோயிலுக்குப் போய்விட்டு பிரியாணியா என்று முனகிய தாத்தாதான் வேனில் முதலில் ஏறினார். அம்மா தலைவலி என்று நின்றுவிட்டாள். நானும் அம்மாவோடு இருக்கிறேன் என்று அழுதேன். மாமா என்னை அலாக்காகத் தூக்கி வேனில் போட்டார்.

திரும்பி வந்தபோது அம்மாவுக்கான பொட்டலத்தோடு நான்தான் முதலில் உள்ளே ஓடினேன். அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்து, கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பச்சைப் புடவையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. தலைவலிதான் என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவள் கையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

“அப்பா கூப்டாரா?”

“கூப்டாரு.”

“இன்னா சொன்னாரு?”

அம்மா என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

“சாப்டியான்னு கேட்டாரு.”

போன் சுடுகிற அளவுக்குப் பேசிவிட்டு இதை மட்டுமா கேட்டார் என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். வாசலில் வேன்காரரை அனுப்பிக்கொண்டிருந்த மாமாவிடம் ஓடினேன். சமையலறையிலும் சிக்னல் சரியில்லை, அப்பா பேசியது அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, இதைவிடப் பெரிய ரவுட்டராக வாங்கிவந்து மாட்டுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.