பதினேழாவது வரி

அழகுமீனாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் கணினித் திரையில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கலைந்து கிடக்கும் குப்பையைக் காட்டினால், அது என்ன தமிழ் என்று மடமடவென்று வாசித்துவிடுவாள். சிவகாசி அச்சகமொன்றில் இருபத்து மூன்று வருடம் டைப் அடித்ததில் வந்த வித்தை.

அந்த அச்சகத்துக்கென்று தனி எழுத்துரு இருந்தது. பக்கத்து அச்சகக்காரன் காலண்டர் ஃபைலைத் திருடிப் போட்டுவிடக் கூடாது என்று, முதலாளி லட்சுமிகாந்தம் ஆள் வைத்து எழுத்துகளை இடம் மாற்றியிருந்தார். கீபோர்டில் 'க' இருக்க வேண்டிய கட்டையில் 'ப' இருக்கும். வேறெந்தக் கணினியில் திறந்தாலும் கிறுக்கல்தான். அந்தப் பூட்டைச் செய்து கொடுத்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்; எழுத்துரு இருந்த பழைய கணினியும் கெட்டுப்போயிற்று. மிச்சமிருந்த சாவி அழகுமீனாவின் விரல்கள்தான்.

லட்சுமிகாந்தத்துக்குப் பட்டாசு ஆலையும் இருந்தது. போன ஆடியில் அங்கே ஓர் அறை வெடித்ததில் அழகுமீனாவின் அக்கா அய்யம்மாள் செத்துப்போனாள். அந்த அம்மாள் தங்கள் ஆளே இல்லை, யாருக்கோ சோறு கொண்டு வந்தவள் என்று ஆலையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதிவேடும் எரிந்துவிட்டதாம். "அவுக பேரு வேற எங்கயாச்சும் இருந்தா கொண்டாங்க" என்றார் நிவாரணப் பணம் கொடுக்கும் அதிகாரி. அய்யம்மாளின் கணவர் ஊர்க்காவலன் மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் ஏறி ஏறி ஓய்ந்துபோனார்.

தீபாவளி ஆர்டர் தொடங்கும் நேரம், முதலாளியின் மகன் ஹரிஷ்குமார் அழகுமீனாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஆலை வெப்சைட்டுல ஒரு பக்கம் பூரா கிறுக்கலா வருது. நம்ம பழைய ஃபைல எவனோ அப்படியே ஏத்திருக்கான். பாக்குறவன்லாம் வைரசாங்கறான். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் தெரியுற யூனிகோடுக்கு மாத்திருங்க."

பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தான்.

திறந்து பார்த்தாள். பத்து வருடம் வேலை பார்த்ததற்காக ஆயுத பூஜையன்று சேலை வாங்கிய முப்பத்திரண்டு பேரின் பட்டியல். எட்டு வருடத்துக்கு முன் அவளே அடித்து, அவளே மறந்தது. பதினேழாவது வரியில் கண் நின்றது. ஊ. அய்யம்மாள், மருந்து அடைக்கும் பிரிவு.

எந்தக் கட்டைக்கு எந்த எழுத்து என்று தாளில் எழுதினாள். அதைக் கணினிக்குக் கொடுத்து, எழுத்துக்கு முன்னால் விழுந்து கிடந்த கொம்புகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளினாள். இரண்டு நாள் ஆயிற்று. ஒரு புள்ளியைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பக்கத்தை ஏற்றிவிட்டு ஊர்க்காவலனுக்குப் போன் போட்டாள். அவர் அதைப் பிரிண்ட் எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி ஆலையிடம் விளக்கம் கேட்டார்.

நாலாம் நாள் ஹரிஷ்குமார் அவள் மேசைக்கு வந்தான்.

"திருத்துனது நீங்க. செத்தது உங்க அக்கா. நடுவுல நீங்களே ஒரு பேரைச் சொருகிட்டீங்கன்னு அப்பா பதில் குடுத்துட்டாரு. அந்த வரிய எடுத்துருங்க."

தான் திருத்திய பக்கத்தை அழகுமீனா நீக்கிவிட்டுப் பழைய கிறுக்கலையே திரும்ப ஏற்றினாள்.

"இந்தாங்க தம்பி. நான் கை வைக்கிறதுக்கு முன்ன இருந்தது. இதுல எங்கக்கா பேரு இல்லைன்னுதான சொல்லுதீக. அப்ப இதுல எடுக்க என்ன இருக்கு? கெடந்துட்டுப் போகுது."

அவன் குனிந்து வரி வரியாகப் பார்த்தான்.

"இதுல அந்த வரி எது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"எது தம்பி?"

அவன் விறுவிறுவென்று வெளியே போனான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பக்கமே காணாமல் போயிருந்தது.

சாயங்காலம் ஊர்க்காவலன் கூப்பிட்டார். "என்ன தாயி, போன்ல அந்தப் பக்கமே வரமாட்டேங்குது?"

"எடுத்துட்டாக மச்சான்."

"பழைய கிறுக்கலாச்சும் இருக்கா?"

"அதுவும் இல்ல."

"உன்கிட்ட அந்த ஃபைலு இருக்கும்லா?"

"இருக்கு மச்சான்" என்றாள் அழகுமீனா. "ஆனா அதை நான்தான வாசிச்சுச் சொல்லணும்."