போகச் சொல்ல ஆளில்லாத பிரேதம்

குன்னூருக்குக் கீழே தேயிலைக்கு நடுவில் தனியாக நின்ற ஒரு பங்களாவுக்கு சில்வஸ்டர் காவலாளி. அதன் முதலாளியான வெள்ளைக்காரத் துரை, எழுபதுகளில் எஸ்டேட்டை விற்றுவிட்டு, பங்களாவை மட்டும் வைத்துக்கொண்டு சீமைக்குப் போனார். "நான் வரும்வரை பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லியிருந்தார். சில்வஸ்டருக்குக் கல்யாணமாகவில்லை. பின்னறையில் தங்கி, ஜன்னல்களைத் திறந்து மூடி, நாற்காலிகளில் படரும் பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் பேச்சுத்துணைக்கு ஆளே இருக்காது. அதனால் எழுதத் தொடங்கினார். சென்னைப் பதிப்பாளர் ஒருவர் மாதாமாதம் போடும் மலிவு நாவல்களில் அவருடைய மாயாஜாலக் கதைகள் வந்தன. கோட்டை, நிலவறை, ராஜாவின் சமாதி, அதிலிருந்து எழுந்து ரத்தம் குடிக்கும் பிரேதம். அது ஏன் எழுகிறது என்று அவர் யோசித்ததே இல்லை. சமாதி என்று இருந்தால் பிரேதமும் இருக்கும், இளவரசன் வந்து வெட்டுவான், அவ்வளவுதான்.

ஒரு வருடம் கூரை ஒழுகியது. துரையின் ஏற்பாட்டில் மாதாமாதம் சம்பளம் கொடுக்கும் வக்கீல் ஆபீசுக்குப் போனார்.

"துரைக்கு ஒரு கடுதாசி போடுங்க சார்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "துரை செத்து வருசக்கணக்காச்சே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"யாரும் சொல்லலீங்களே. அப்ப நான் என்னங்க பண்றது?"

"இருங்க. உங்களைப் போகச் சொல்லி யாரும் எழுதலையே."

பஸ் ஏறாமல் நடந்தே திரும்பினார்.

அடுத்த கதையில் வேறு மாதிரியான பிரேதம் வந்தது. போருக்குப் புறப்பட்ட ராஜா, தனக்காகக் கட்டிய சமாதியில் ஒருவனைக் காவல் வைக்கிறான். "நான் திரும்பும்வரை நில்" என்கிறான். ராஜா அந்நிய மண்ணில் விழுந்துவிடுகிறான். காவலன் நின்றபடியே பசியில் சாகிறான். உடல் வற்றியும் கட்டளை வற்றவில்லை. அவன் யாரையும் தொடுவதில்லை. உள்ளே வருகிறவர்களிடம் "ராஜா வந்துட்டாரா?" என்றுதான் கேட்கிறான். அவன் முகத்தைப் பார்த்து அவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

முடிவு மட்டும் அமையவில்லை. காலையில் பால் கொண்டுவரும் தோட்டத் தொழிலாளி பேச்சியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளைப் படியில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்.

"ஏனுங்க, அந்த மனுசன் இன்னும் நின்னுட்டேவா இருக்கான்?"

"நின்னுட்டேதான் இருக்கான்."

"பாவமுங்க. ஓடறவங்கள்ல ஒருத்தராச்சும் நின்னு, ராஜா செத்துட்டாரு, நீ போலாம்னு சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா அவன் எங்க போவான்?"

அவள் தூக்குவாளியை மூடினாள். "அது அவன் பாடுங்க. சொல்றவங்க சொல்லிரோணும்."

அப்படியே முடித்தார். ஆடு தேடி வந்த ஒருத்தி பிரேதத்திடம் விஷயத்தைச் சொல்கிறாள். அவன் ஈட்டியைச் சாத்திவைத்து வெளியே வந்து, வெயிலில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே எலும்பாகச் சரிகிறான்.

புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் கோரைப்பல். கடைசிப் பக்கத்தைப் பதிப்பாளர் மாற்றியிருந்தார். இளவரசன் பிரேதத்தின் தலையை வெட்டிக் கொளுத்துகிறான்.

"வந்துருச்சுங்களா? படிங்க" என்று பேச்சியம்மா உட்கார்ந்தாள்.

சில்வஸ்டர் கடைசிப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, அதில் இல்லாததை, தான் எழுதியதை, நினைவிலிருந்து சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத்தானுங்க மனசுக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு, கொழுந்து பறிக்க நேரமாகிவிட்டதென்று தூக்குவாளியோடு இறங்கிப் போனாள்.

அதன்பின் அவர் சென்னைக்குக் கதை அனுப்பவில்லை. பேச்சியம்மாவும் மறு வருடம் திருப்பூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். சர்ச்சில் பழக்கமான செல்லதுரை, ஊட்டி காந்தலில் ஒரு பள்ளி விடுதிக்குக் காவலாள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். "பிள்ளைங்க சத்தமாச்சும் காதுல விழும், வாங்க" என்றார். சில்வஸ்டர் பெட்டியைக்கூடக் கட்டினார். அன்றைக்கு மழை பிடித்தது. விடவேயில்லை. துணியெல்லாம் நாறிப்போகும் என்று திரும்ப எடுத்துக் கொடியில் போட்டார். வெயில் வருவதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

பங்களா விற்றுப்போகும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.