மாதிரி என்றொரு சொல்

என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டை இருக்கிறது. பல்கலைக்கழக நூலகம் கணினிக்கு மாறியபோது கழித்துப்போட்ட பழைய அட்டவணை அட்டைகளில் ஒன்று. ஒரு பக்கம் ஏதோ புத்தகத்தின் விவரம். மறுபக்கம் நீல மையில் ‘மாதிரி’ என்று தமிழில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கும். அதன் கீழே ஐந்து வரிகள். நான்கு வரிகளுக்கு எதிரே ஆங்கிலத்தில் பொருள் எழுதியிருக்கிறது. ஐந்தாவதற்கு எதிரே ஒன்றுமில்லை.

எழுதியவர் விடுதியில் என் அடுத்த அறையில் இருந்த அக்கா. திருநெல்வேலிக்காரர். பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்காக டெல்லிக்கு வந்தவர். நான் டெல்லியிலேயே, கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவள். அன்றைக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பொறியியல், மருத்துவம், சமூகவியல் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டும் ஆய்வுப் படிப்பு எங்களுடையது. ஆய்வேட்டில் கைவைக்கும் முன் ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்ற தேர்வைத் தாண்டியாக வேண்டும். மூன்று துறைப் பேராசிரியர்கள் ஆளுக்கொரு வாசிப்புப் பட்டியல் தருவார்கள். முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு மூவருக்கும் எதிரே உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு, எல்லாம் ஆங்கிலத்தில். ஒருமுறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அறையைக் காலிசெய்துவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அக்காவின் ஆய்வு வெயிலைப் பற்றியது. தெற்கு டெல்லியில் ஒரு பெரிய சாக்கடை ஓரம், நம் ஊர்க்காரர்கள் நிறைய இருந்த குடிசைப் பகுதியில், தகரக் கூரை போட்ட இருபத்திரண்டு வீடுகளில் வெப்பமானி மாட்டிக் கோடை முழுக்க அளவெடுத்தார். சில நாட்கள் நானும் கூடப் போவேன். வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு பெண்மணி, “எங்க சூட்டை எழுதிட்டுப் போயி நீ டாக்டராகப் போறியாக்கும்” என்று சீண்டுவார். “ஆமாக்கா, ஊசி போடாத டாக்டரு” என்பார் அக்கா.

முதல் வாய்மொழித் தேர்வில் பொறியியல் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, உங்கள் மாடல் என்ன என்பது. இருபத்திரண்டு வீடுகள் சார் என்றார் அக்கா. அவர் பொறுமையாக மறுபடி கேட்டார். தன் உச்சரிப்புதான் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்த அக்கா, இருபத்திரண்டு தகரக் கூரை வீடுகள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை, பேனாவை மூடிவிட்டாராம். கூரைச் சூடு வீட்டுக்குள் இறங்குவதைக் கணக்கிட என்ன சமன்பாடு வைத்திருக்கிறாய் என்பதுதான் அவர் கேட்டது. அந்தச் சமன்பாடு அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம்.

மாலையில் அக்கா இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். “மாடலுக்கும் சாம்பிளுக்கும் வித்தியாசம் தெரியாதா அக்கா?” என்றேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது. அக்கா கோபப்படவில்லை. “ஏட்டி, ரெண்டும் மாதிரிதானே” என்றார். புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த அட்டையை உருவி எழுத ஆரம்பித்தார். மண் மாதிரி. மாதிரி வினாத்தாள். அவளை மாதிரி. இந்த மாதிரி. “மண் மாதிரின்னா அந்த மண்ணுலயே ஒரு பிடி. மாதிரி வினாத்தாள்னா வரப்போற தாள் இல்ல, அதைப் போலச் செஞ்ச ஒண்ணு. ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு வச்சாங்க?” என்று என்னையே கேட்டார். தேர்வில் தவறியவர் பேசுகிற பேச்சாகவே இல்லை. நான்குக்கும் எதிரே ஆங்கிலம் எழுதினார். ஐந்தாவதாக ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று எழுதி, இதற்கு என்ன என்றார். நான் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லிப் பார்த்தேன், இந்தியில் விசித்திரம் என்பதற்குச் சொல்லும் ‘அஜீப்’ என்றேன். எல்லாவற்றுக்கும் “அது இல்லட்டி” என்றார். இடம் காலியாகவே நின்றது. நான் முதல் முறையே தேறியவள். எந்தச் சொல்லையும் இப்படி நிறுத்தி விசாரித்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

இரண்டாம் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் குடிசைப் பகுதியை இடித்துவிட்டார்கள். அக்கா ஓடிப்போய்ச் சில வெப்பமானிகளை மீட்டுவந்தார். கேலி பேசும் அந்தப் பெண்மணியின் கைபேசி அணைந்தே கிடந்தது.

தேர்வன்று நான் வராந்தாவில் காத்திருந்தேன். பொறியியல் பேராசிரியர் அதே கேள்வியில்தான் தொடங்கினாராம். அக்கா சொன்ன பதில் இது: அந்த வீடுகள் இப்போது இல்லை சார். அவற்றில் நான் எடுத்தது ஒரு பிடி, சாம்பிள். அதை வைத்து, அந்த வீடுகளைப் போல ஒன்றைக் கணக்கில் கட்டப் போகிறேன், அதுதான் மாடல். பிறகு அரைமணி நேரம் சமன்பாட்டை விளக்கினார். அந்த வீடுகளில் இருந்தவர்கள் உங்கள் மாடலில் எங்கே என்று சமூகவியல் பேராசிரியை கேட்டாராம். அதில் அவர்கள் இல்லை மேடம் என்று ஒப்புக்கொண்டார் அக்கா. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் துள்ளிக் குதித்தேன். அக்கா நேராக அந்த இடித்த இடத்துக்குத்தான் போகவேண்டும் என்றார். போனோம். உடைந்த செங்கலும் நெளிந்த தகரமும் குவிந்த மேட்டில் ஏறி நின்று, எந்த வீடு எங்கே இருந்தது என்று விரலால் எண்ணிப் பார்த்தார். ஒன்பதுக்கு மேல் பிடிபடவில்லை. “பாஸாகிட்டீங்க அக்கா, எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு மாதிரி இருக்குட்டி.”

படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். ஒரு மாணவரின் பதில் கேள்விக்குப் பொருந்தாமல் வந்தால், அந்தச் சொல்லை உங்கள் வீட்டு மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்பேன். உடன் இருக்கும் பேராசிரியர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். போன வாரம் அப்படி ஒரு தேர்வு முடிந்து வந்து, பேனாவும் கையுமாக அந்த அட்டையை எடுத்தேன். ஐந்தாவது வரிக்கு எதிரே எழுத எனக்கு இன்னும் ஆங்கிலம் கிடைக்கவில்லை. பொருள் மட்டும் அன்றைக்கே, அந்தச் செங்கல் மேட்டில், தெரிந்துவிட்டது.