வேலையோடு வந்த வீடு

கையில் பையோடு எல் கமினோ சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர்காரர்களுக்கு வேலை போனதில் கூட்டம் குறைந்து, நான் சமைத்துவந்த சன்னிவேல் உணவகத்தை மூடிவிட்டார்கள். நான் தங்கியிருந்த பின்னறையும் அதோடு போயிற்று. தூரத்தில் ரயில் ஊதியது. சிங்கப்பூர் கடற்படைத் தளத்தின் சங்கு அப்படித்தான் ஊதும்.

என் சிறுவயதில் அங்கே அப்பா கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்தார். நாங்கள் குடியிருந்த கோட்டர்ஸ் வீடு முழுக்க டர்பன்டைன் வாசனை. செலவு கட்டுப்படியாகாமல் பிரிட்டிஷ் அரசு படையைத் திரும்ப அழைக்கிறது என்று செய்தி வந்தது.

"போறவன் வீட்டையா தூக்கிட்டுப் போவான்? இனி இது நம்ம வீடு," என்று சொல்லி அப்பா ஜன்னலுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்.

"வீட்டை உங்களுக்கா குடுத்தான்? உங்க வேலைக்குல்ல குடுத்தான்!" என்றாள் அம்மா.

மாலைச் சங்கு ஊதியதும் வாசலில் நின்று, சீட்டுக் கிழிந்துவிட்டதா என்று அப்பாவின் முகத்தில் தேடுவாள். பச்சை மங்குவதற்குள் வேலை போயிற்று. வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள்.

எல் கமினோவில் பையோடு நடந்ததற்கு மறுநாள் காலை, சான் ஹோசேயில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது.

"மாடியில ரூம் சும்மாதான் கெடக்கு, தங்கிக்குங்க," என்றார் கடை முதலாளி பாய்.

"வேலை மட்டும் போதும் பாய்."

"அப்ப ராத்திரிக்கு எங்க போவீங்க?"

பையைக் கடை ஓரத்தில் வைத்தேன். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினேன்.